மாட்டுக்கொட்டகைச் சுவரும் கோழிக்கால் யாளியும்

எனக்கு எழுபத்தாறு நடக்கிறது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கூடுதல் இரண்டும் கொழுந்தன் பிள்ளைகள்; தாயில்லாமல் வந்து என் கையில் சோறு தின்று வளர்ந்தவை. இன்றைக்கு ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவரில் பொம்மை போட்டுக்கொண்டு திரிந்தவள் பிள்ளைகளை என்ன லட்சணத்தில் வளர்த்திருப்பாள் என்று ஒருவரும் நாக்கு மேலே பல்லைப் போட்டுப் பேசக் கூடாது பாருங்கள்.

போன வாரம் மகன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. டப்பாவைத் திறந்தார்கள். நான் மூக்கை நீட்டிக்கொண்டு போய் நின்றேன். ஒன்றுமே வரவில்லை. "இது வாசமே இல்லாத பெயிண்டும்மா, வெல கூட" என்றார் பெயிண்டர், பெருமையாக. வாசமில்லாத பெயிண்டும் ஒரு பெயிண்டா? உப்பில்லாத குழம்புக்கு யாராவது கூடுதல் விலை கொடுப்பார்களா? நம் காலத்து இனாமல் பெயிண்டை ஒரு வீட்டில் திறந்தால் நாலு வீடு தள்ளித் தும்முவார்கள். எனக்கு அந்த வாசம்தான் மல்லிகைப் பூ. அப்படி ஆனதற்கு எங்கள் வீட்டுக்காரர்தான் காரணம்.

அவர் திண்டுக்கல் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மரவேலை பார்த்தார். பெயிண்ட் அடித்து முடித்த டப்பாவின் அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடக்கும். அதை வழித்துத் தூக்குவாளி மூடியில் ஊற்றி, வாழை இலைக் கிழிசலைப் போட்டு மூடி, சிந்தாமல் சைக்கிளில் கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் மஞ்சள். மற்றப் பெண்களுக்கு அவரவர் புருஷன் பூ வாங்கி வருவான். இவர் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "இந்தா, ஒம் பூவு" என்று மூடியை நீட்டுவார். அவ்வளவுதான் பேச்சு. என்ன வரைகிறாய், எதற்கு வரைகிறாய் என்று அந்த மனிதர் கடைசி வரைக்கும் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதைதான் என்று இப்போது தோன்றுகிறது.

நான் பிறந்தது எழுமலைப் பக்கம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருடம் போனேன். வாத்தியார் மணலில் எழுதச் சொல்வார். நான் 'அ' போட்டால் அதற்கு ஒரு வாலும் இரண்டு காதும் சேர்ந்துகொள்ளும். 'ழ' எழுதினால் கேட்கவே வேண்டாம், அது எழுந்து நடக்கிற மாதிரி இருக்கும். விரலிலேயே அடிப்பார். பிறகு பருத்தி எடுக்கப் போய்விட்டேன். எழுத்து என் கையில் நிற்கவில்லை, வால் நின்றுவிட்டது. ஆனால் எங்கேயும் கைநாட்டு வைத்தவள் இல்லை. என் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதுவேன்.

கல்யாணம் முடிந்து விளாங்குடிக்கு வந்தேன். வந்த வாரமே மாமியார் எங்களை மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் அம்மனைப் பார்க்க வரிசைக்கு ஓட, நான் ஒரு தூணடியில் நின்றுவிட்டேன். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, நெற்றிக்கு மேல் ஏறின புருவம். எங்கள் ஊரில் அய்யனாரின் மண்குதிரையைப் பார்த்திருக்கிறேன். அதுவாவது குதிரை. இது என்ன?

"அம்மன் அங்கிட்டு இருக்கா. நீ இங்க என்னத்தடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற?"

"இது என்ன மிருகம் அத்த?"

"யாளி."

"எந்தக் காட்டுல இருக்கும்?"

"எங்கயும் இருக்காது. அதான் தூணுல இருக்கு. நட."

நடந்தேன். ஆனால் அந்தப் பேச்சு என்னோடு கூடவே வந்தது. எங்கேயும் இல்லாத மிருகம் என்றால் அதைத் தப்பாக வரைந்துவிட்டாய் என்று யார் சொல்ல முடியும்? மாட்டை வரைந்து கால் குட்டையாகப் போனால் தெருவே சிரிக்கும். யாளிக்குக் கால் எவ்வளவு நீளம் என்று எவன் பார்த்தான்? என்னைப் போல எழுத்தறியாதவளுக்கென்றே உண்டான பிராணிகள் அவை.

எங்கள் மாட்டுக்கொட்டகையின் பின்சுவர் முடுக்கைப் பார்த்து இருந்தது. முடுக்கு என்றால் இரண்டு பேர் எதிரெதிராக வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சின்னச் சந்து. அந்தச் சுவரைப் போகிற வருகிற ஆண்கள் ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். என்ன காரியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "பல்லும் கண்ணுமா எதையாச்சும் வரையிறேன் அத்த, பயந்து ஓடுவாங்கெ" என்று கேட்டேன். "வேலையத்த வேலை" என்றார் மாமியார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதுமே எனக்கு.

அப்படித்தான் அந்தச் சுவர் என்னுடையது ஆனது. தை பிறக்கும் முன்னால் சுண்ணாம்புக் கல்லை உடைந்த பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம். அது கொதித்துப் புகைந்து அடங்கும். கொஞ்சம் நீலம் கலந்து, பனைமட்டையின் நுனியை நசுக்கி நாராக்கி, அதால் அடிப்போம். போன வருடத்துப் பிராணி வெள்ளைக்குள் முங்கிப்போகும். சுவர் காய்ந்ததும் புதுப் பிராணி. பிள்ளைகளைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, மாடு அசைபோட ஆரம்பிக்கிற மத்தியான நேரம் என்னுடைய நேரம். வேப்பங்குச்சியை மென்றால் தூரிகை. விளக்குக் கரியில் எண்ணெய் விட்டால் கறுப்பு.

முதல் வருடம் அன்னம் வரைந்தேன். அப்போது பெயிண்ட் சேரவில்லை. மூக்குக்கு மஞ்சளைக் குழைத்து ஈரச் சுவரில் தடவிவிட்டு, கன்றுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து பார்த்தால் அன்னத்தின் மூக்கு ரத்தச் சிவப்பாக இருந்தது. சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் ஆரத்தி ஆகிவிடும் என்று கல்யாண வீடுதோறும் கரைத்து எடுக்கிற எனக்குத் தெரியாதா? கை வேலையில் இருந்தால் தெரிந்தது எதுவும் ஞாபகம் வராது. "வெத்தல போட்ட வாத்து" என்று முடுக்கில் பெயர் வந்துவிட்டது. அடுத்த வருடம் யானைத் தலை வைத்த மீன். அதற்கடுத்து இரண்டு தலைப் பறவை. ஒரு தலை மற்றொன்றைப் பார்க்கிற பார்வையில் கோபம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்து எதிர்வீட்டு ஓரகத்திகள் இருவரும் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

பிறகுதான் யாளி. எமர்ஜென்சி முடிந்த மறுவருடமோ என்னவோ. சிவப்பு நிறையச் சேர்ந்திருந்தது. சிங்கம் நான் பார்த்ததில்லை. அதனால் உடம்பை எங்கள் காளையிடமிருந்து வாங்கினேன், திமிலோடு. வால் உடும்பிடமிருந்து. கால் வரைகிற நேரத்தில் காலடியில் ஒரு கோழி சீய்த்துக்கொண்டிருந்ததால் கோழிக்கால். முகம் மட்டும் வரவே இல்லை. அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தபோது கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, மாமியார் கத்திக்கொண்டே வெளியே வந்தார். உருண்ட கண், ஏறின புருவம், விடைத்த மூக்கு. ஆகா என்று அப்படியே இறக்கிவிட்டேன். இரண்டு பக்கமும் பல் மட்டும் நான் வைத்தது.

மாமியார் சாயங்காலம் வந்து சுவர் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்னையவாடி வரஞ்சு வச்சிருக்க?"

"இல்ல அத்த, யாளி."

"எனக்கு அம்புட்டு நீளப் பல்லா?"

அத்தோடு போய்விட்டார். ஆனால் மறுநாள் முடுக்கு வழியாகத் தண்ணீர் எடுக்கப் போகும்போது அதை ஓரக்கண்ணால் பார்த்ததை நான் பார்த்தேன்.

ஐப்பசி மழையில்தான் வினை வந்தது. பக்கத்துத் தெருப் பேச்சியக்காவின் கன்று தொலைந்துவிட்டது. இரவெல்லாம் மழை. காலையில் பார்த்தால் எங்கள் கொட்டகைக் கூரையின் இறவாரத்தில், யாளியை ஒட்டி நனையாமல் நிற்கிறது. கூரை இருந்தது, நின்றது. பேச்சியக்கா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "இந்தா இருக்குல்ல, இதுதான்டி என் கன்னுக்குட்டியக் கூப்புட்டு வச்சுக் காத்துக் குடுத்துச்சு" என்று சொல்லித் தலைக்கு மேல் கை கூப்பிக் கும்பிட்டாள். நான் சிரித்தேன். மறுநாள் யாளி காலடியில் ஓர் எலுமிச்சம்பழம். அதற்கு மறுநாள் கற்பூரம். வார முடிவில் நெற்றியில் குங்குமம், மேலே வேப்பிலைத் தோரணம். ஆண்கள் அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். சுவர் நாறுவது நின்றது. அது ஒன்றுதான் நல்லது.

முனையில் சோடாக்கடை வைத்திருந்தார் முத்தையா. யாரும் சொல்லாமலே தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூசாரி ஆகிவிட்டார். சாமிக்குப் பெயர் வேண்டுமே. "கோழிக்காலுச் சாமி" என்றார். நேர்ந்துகொண்டவர்கள் கோழி கொண்டுவந்தபோது, "கூறு இருக்கா? கோழிக்காலு சாமிக்குக் கோழியவே குடுப்பீகளா? தன் காலத் தானே திங்கவா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சோற்றுக் கையோடு சிரித்துப் புரையேறிப் போனார். எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அதிலும், யாளியின் முகச் சாயலால் மாமியாருக்குத் தெருவில் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! குழாயடியில் வரிசை நிற்காமல் குடம் நிறைந்தது.

சிரிப்பு மார்கழியில் நின்றது. அந்த வருடம் என் மனதில் ஒரு பறவை இருந்தது. மயில் உடம்பு, விரிந்த இறகு, பெண் முகம். பாடுகிற பறவை. முகம் யாருடையது என்றால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்னுடையது. அதுவரை எல்லாப் பிராணிக்கும் அடுத்தவர் முகத்தை வாங்கினேனே, ஒரு தரம் என் முகத்தை வைத்துப் பார்ப்போம் என்று ஆசை. பச்சையும் நீலமும் மூடி மூடியாகச் சேர்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் காயாமல் வைத்திருந்தேன். பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்புப் பானையோடு முடுக்குக்குப் போனேன். முத்தையா கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். பின்னால் பேச்சியக்கா, இன்னும் பெண்கள்.

"சாமி மேல சுண்ணாம்பா? கை வெளங்காமப் போயிரும் மதினி."

"இந்தக் கைதானே அண்ணே வரஞ்சுச்சு?"

"வரஞ்சது நீங்கதான், இல்லேங்கல. ஆனா அதுல வந்து உக்காந்தது சாமியாச்சே."

பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். கொதிக்க வைத்த சுண்ணாம்பைச் சமையலறைக்கு அடித்தேன்.

அந்தப் பொங்கல் புதுப் பிராணி இல்லாமல் போனது. அந்தச் சுவரில் வறட்டி தட்டக் கூடாது என்றார்கள். வீட்டுக்குத் தூரம் ஆன நாளில் முடுக்குப் பக்கமே வரக் கூடாது என்றார்கள். என் சுவர், என் யாளி, நான் ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும்! மத்தியானத்தில் கை சும்மா இருக்காது. அடுப்புச் சாம்பலில் இறகு வரைவேன். முறத்தில் பரப்பின உளுந்தில் மூக்கு வரைவேன். மாமியார் வந்து புடைத்துவிடுவார். வீட்டுக்காரர் ஒரு நாள், "வேற செவரு இல்லயா?" என்று கேட்டார். கொட்டகைக்கு மீதி மூன்று பக்கமும் தட்டி. வரைய எனக்கென்று இருந்த சுவர் அது ஒன்றுதான். அவர் பட்டறையிலிருந்து மூடி கொண்டுவருவதையும் நிறுத்திவிட்டார். அந்த வாசம் வராத சாயங்காலங்களில் எனக்கு யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போல இருக்கும். பிள்ளைகள் பாவம்.

மாசியில் குலசாமி கும்பிட எழுமலைப் பக்கம் போனோம்; வீட்டுக்காரரின் குலசாமியும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் வீட்டுக்காரரின் பெரியப்பா கோயில் கதையை ஆரம்பித்தார். இந்தச் சாமி முதலில் வேறு ஊரில் இருந்ததாம். நம் முன்னோர் இடம் பெயர்ந்தபோது, சாமி நின்ற இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, தலையில் சுமந்துவந்து இங்கே வைத்தார்களாம். அதுதான் பிடிமண். வருடா வருடம் சொல்கிற கதைதான். அன்றைக்கு எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மாமியாரின் முழங்கையை இடித்தேன். "என்னடி?" என்றார். "ஒண்ணுமில்ல அத்த" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். யாளிப் பார்வை.

ஊர் திரும்பின வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டக் கூட்டம் கூடினபோது நானே பேச்செடுத்தேன்.

"முத்தையாண்ணே, சாமிய இப்பிடிச் சந்துக்குள்ள வச்சிருக்கோமே, நல்லாவா இருக்கு? பொங்க வைக்க எடமில்ல. அந்தப் பக்கம் மாட்டு மூத்திரம் ஓடுது. கம்மாக்கரையில வேப்பமரத்தடி சும்மாதானே கெடக்கு? பிடிமண் எடுத்துட்டுப் போயி அங்க வச்சிருவோம்."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். முத்தையாவின் கண்ணில் கோபுரமே எழும்பிவிட்டது. ஆனாலும் மனிதர் விவரமானவர்.

"நல்ல ரோசனதான் மதினி. ஆனா பிடிமண் எடுத்தாலும் தாய்க்கோயிலு தாய்க்கோயிலுதானே? சாமி அங்கயும் இருக்கும், இங்கயும் இருக்கும். செவத்துல கை வைக்க முடியாதுல்ல?"

அவர் சொன்னது நியாயம். எங்கள் குலசாமியின் பழைய இடத்திலும் விளக்கு எரிகிறதே. என் பறவை போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் கொட்டகைக்குள்ளிருந்து, கழனித்தண்ணீர் சொட்டுகிற கையோடு மாமியார் வந்தார்.

"ஏலே முத்தையா, இது யாரு மூஞ்சி?"

முத்தையா தரையைப் பார்த்தார்.

"சொல்லுடா. தெருவே சொல்லுதுல்ல."

"ஒங்க மூஞ்சி மாதிரித்தான் பெரியாத்தா."

"மாதிரியென்ன மாதிரி, என்னுதுதான். எனக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான் இருப்பேன். எம் மூஞ்சிய வாங்கிக்கிட்ட சாமி எம் பேச்சக் கேக்கும்."

சுவரைப் பார்த்துத் திரும்பினார். முகமும் முகமும் எதிரெதிராக நின்றன.

"இந்தா பாரு. இம்புட்டு நாளு இங்கன இருந்தது போதும். கம்மாக்கரையில காத்து வரும், பொங்கச்சோறு கெடைக்கும். ஒரேடியாக் கெளம்பு. இது எம் மருமக வேலை பாக்குற எடம்."

கூரைமேல் ஒரு பல்லி சொல்லியது. "சரின்னு சொல்லிருச்சு!" என்றாள் பேச்சியக்கா. முத்தையா குனிந்து மண்ணை அள்ளினார். கொட்டுச் சத்தத்தோடு சாமி கண்மாய்க்கரைக்குப் போனது. நானும் குலவை போட்டேன், மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடவே.

மறுநாள் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு நின்றேன். மாமியார் என் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கினார். "தள்ளு. எம் மூஞ்சில நானே அடிச்சுக்கிறேன்" என்று கண், மூக்கு, பல் என்று சரட்சரட்டென்று இழுத்தார். இனாமல் பெயிண்ட் சுண்ணாம்பைப் பிடிக்காது பாருங்கள். எத்தனை பூச்சு அடித்தும் ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதை என் பறவையின் இறகில் மயில்கண்ணாக்கிவிட்டேன். பங்குனி வெயிலில் வரைந்து முடித்தேன். மாமியார் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு பெருசா இருக்குடி. ஒனக்கு அம்புட்டுப் பெரிய மூக்கு இல்ல."

சின்னதாக்கினேன். அன்றைக்குச் சாயங்காலம் தூக்குவாளி மூடி திரும்ப வந்தது. ஆரஞ்சு நிறம்.

கண்மாய்க்கரைச் சாமி இன்றைக்கு சிமெண்டுக் கோயிலில் ஒலிபெருக்கியோடு நன்றாக இருக்கிறது. சிலை செய்தவர் விவரம் தெரியாமல் சிங்கக்கால் வைத்துவிட்டார். இப்போது தாராளமாகக் கோழி அறுக்கிறார்கள். முடுக்கு அகலத் தெருவாகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் நாலு மாடி, கீழே கார்கள். எத்தனையோ தைக்கு எத்தனையோ பிராணிகள் அந்தச் சுவரில் பிறந்து முங்கின. எல்லாம் சுவரோடு மண்ணாகிவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை, அவை முங்குவதற்கென்றே பிறந்தவை. வீட்டுக்காரர் போய்விட்டார். மாமியாரும் போய்விட்டார். வருடத்துக்கு ஒரு தரம் வெள்ளையாகி, இந்தா வா என்று என்னைப் பார்த்து நிற்குமே ஒரு சுவர், அதுதான் இல்லை. இது உன் வேலை பார்க்கிற இடம் என்று எனக்காக ஊர் முன்னால் சொன்ன அந்தக் குரலும் இல்லை. அதற்குப் பிறகு எனக்காக அப்படி யாரும் சொன்னதில்லை.

என்னடா பேராண்டி, நாஞ் சொன்னத எழுதிட்டுப் பேனாவ மூடிட்ட? எங்க ஓடுற? உக்காரு. அம்புட்டையும் வாசிக்க வேணாம், அப்பத்தாவுக்கு, அந்த மாமியா சாமிய வெரட்டுன எடத்துல இருந்து வாசி. அவுக பேசுறத மட்டும் நல்லாச் சத்தமா வாசிக்கணும், கேட்டியா?